முன்பணம் கொடுத்து மாம்பழம் வாங்குவோருக்கு

சேலம், கிருஷ்ணகிரிப் பகுதி மாந்தோப்புக்காரர்கள் பலர் இப்போது வாட்ஸ்அப் வழியாகவும் இணையதளம் வழியாகவும் முன்பணம் பெற்று, பழப்பெட்டியை வீட்டுக்கே அனுப்புகின்றனர். கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டும் சந்தையில் ஒழிந்தபாடில்லை; எனவே தோப்பிலிருந்து நேரே வாங்குவது நல்லதே. ஆனால், கண்ணால் காணாத பழத்திற்குப் பணம் கொடுப்பது மார்க்கத்தில் கூடுமா என்று சிலர் தயங்குகின்றனர்.

தயக்கம் வேண்டியதில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே பழங்களுக்கு விலை கொடுத்து வந்தனர். அதை நபியவர்கள் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டுமென்று பணித்தார்கள். இதுவே ‘ஸலம்’ வணிகம்.

ஆகவே, ‘ஒரு பெட்டி மாம்பழம்’ என்று மட்டும் எழுதி அனுப்புவது போதாது. இமாம்பசந்தா, செந்தூராவா, எத்தனை கிலோ, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பெட்டியின் எடையும் அதில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சச்சரவு அங்கேதான் தொடங்கும். குறிப்பிட்ட ஒரு மரத்தின் காய்க்கு இவ்வாறு முன்விலை பேசுவதைப் பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் ஏற்பதில்லை. ஒரே சூறைக்காற்றில் அத்தனையும் உதிர்ந்துவிடலாம் அல்லவா?

விலை முழுவதையும் முன்னரே கொடுப்பதும் ஸலத்தின் நிபந்தனை. பாதியை நிறுத்திவைத்து, பெட்டி வந்தபின் பேரம் பேசுவது நம் வீடுகளில் சாமர்த்தியமாகக் கருதப்படுகிறது. பறிகூலிக்கும் தண்ணீருக்கும் அப்பணத்தையே நம்பியிருக்கும் விவசாயிக்கு அது அநீதி. தவணைக்குள் பழம் கிடைக்காமற்போனால் காத்திருக்கவோ, கொடுத்ததைத் திரும்பப் பெறவோ வாங்குபவருக்கு உரிமையுண்டு; அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கலாகாது.