கேட்டால் மட்டும் போதுமா?

மகப்பேற்றையொட்டி வரும் மனச்சோர்வை அறிய மருத்துவ உலகம் பெரிதும் நம்பியிருப்பது 1987-இல் வகுக்கப்பட்ட எடின்பரோ வினாத்தாள். பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி அச்சம் எழுந்ததா, உறக்கம் கெடுமளவு துயரம் இருந்ததா எனத் தொடர்ந்து, பத்தாவதாக, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று வினவுகிறது அத்தாள். கைக்குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அக்கேள்விக்கு உண்மையான விடையைக் குறிக்க எத்தனை துணிவு வேண்டும்! அமெரிக்கக் கறுப்பினத் தாய்க்கு அத்துணிவு இருமடங்கு வேண்டும். வாய்திறந்தால் குழந்தைநல அதிகாரிகள் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என அவள் அஞ்சுகிறாள். அது வீண் அச்சமன்று. அந்நாட்டில் பெற்றோரைப் பிரிந்து அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுள் கறுப்பினக் குழந்தைகளின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கினும் மிகுதி.

மகப்பேற்று மனச்சோர்வைக் கண்டறியும் சோதனையை 2006-இல் முதன்முதலாகச் சட்டக் கடமையாக்கிய மாநிலம் நியூ ஜெர்சி. போற்றத்தக்க செயலே. ஆயினும் வறியோருக்கான மெடிகெய்ட் காப்பீட்டில் இருந்த அம்மாநிலத் தாய்மாரைப் பற்றி 2011-இல் வெளியான ஆய்வு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. மகப்பேற்றுக்குப் பின் மனநலச் சிகிச்சையைத் தொடங்கியோர் வெள்ளையருள் நூற்றுக்கு 9 பேர். இலத்தீன் அமெரிக்க வழியினருள் 5 பேர். கறுப்பினத்தாருள் 4 பேர். காப்பீடோ அனைவருக்கும் ஒன்றே. சட்டம் வந்த பின்னரும் சிகிச்சை தொடங்கியோர் தொகை உயரவில்லை என்று அதே ஆண்டின் மற்றோர் ஆய்வு உரைத்தது.

வியப்பென்ன? வினாத்தாளை வாங்குவது ஓரிடம், சிகிச்சை தருவது வேறிடம். அமெரிக்க நடுவணரசின் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளை பெற்றோருக்குத் தரும் 12 வார விடுப்புக்கு ஊதியம் கிடையாது. மகப்பேற்றுக்கான மெடிகெய்ட் காப்பும் நெடுங்காலம் 60 நாட்களில் முடிந்துவந்தது. அதை ஓராண்டாக்க நடுவணரசு 2021-இல்தான் வழிவிட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கறுப்பினப் பெண் எதையும் தாங்குவாள் என்னும் கொடிய நினைப்பு மருத்துவமனைகளிலும் குடிகொண்டிருக்கிறது. அவளுடைய மௌனத்தை வலிமை என்று புகழ்வோர் அவளைக் கைவிடுகின்றனர்.

2017 முதல் 2019 வரை அந்நாட்டின் 36 மாநிலங்களில் மகப்பேறு சார்ந்து நேர்ந்த இறப்புகளின் காரணங்களுள் முதலிடம் பெற்றவை மனநலக் கேடுகளே. மகப்பேறு சார்ந்த அவ்விறப்புகள் அனைத்திலும் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தடுத்திருக்கக்கூடியவை.

ஆகவே, வினாத்தாளைப் பெறும் இடத்திலேயே, அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். கறுப்பினத் தாய்மாரின் இனத்திலிருந்தே உள ஆற்றுப்படுத்துநரும் மருத்துவச்சியரும் மிகுதியாக அமர்த்தப்பட வேண்டும். மனச்சோர்வை வெளியிட்டாள் என்பதற்காக மட்டும் எத்தாயிடமிருந்தும் பிள்ளை பிரிக்கப்படாது என்னும் உறுதியை மாநில அரசுகள் சட்டமாக எழுதித் தர வேண்டும்.