ஆய்வு மாணவரின் உழைப்பு எவருக்குரியது?

விஞ்ஞான வரலாறு பேராசிரியர்களின் பெயர்களாலேயே எழுதப்பட்டு வருகின்றது. ஆய்வு மாணவரின் நாட்களுக்கு அங்கு இடமில்லை. 1965இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்கிய ஜொஸ்லின் பெல், முதலிரண்டு ஆண்டுகளைப் பெரும்பாலும் வெட்டவெளியிலேயே கழித்தார். நாலரை ஏக்கர் நிலத்திற் சம்மட்டியால் கம்பம் நாட்டி, கம்பி இழுத்து, ரேடியோத் தொலைகாட்டி அமைத்த சிறு குழுவில் அவரும் ஒருவர். 1967இல் அது இயங்கத் தொடங்கியதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் வரைபுத்தாள் அவர்முன் குவிந்தது. அதனைக் கணினி வாசிக்கவில்லை. அவரது கண்களே வாசித்தன. அதிலே தென்பட்ட சிறு கிறுக்கலை, மனிதரால் விளைந்த இடையூறு என்றே மேற்பார்வையாளர் அன்ரனி ஹியூவிஷ் முதலிற் கருதினார். பெல் விடவில்லை. 1.337 செக்கனுக்கொரு முறை துடிக்கும் முதலாவது பல்சர் இவ்வாறுதான் அகப்பட்டது.

1974இல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மாட்டின் றைலுக்கும் போயிற்று!

வெற்றி தோல்விக்கு இறுதிப் பொறுப்பாளர் மேற்பார்வையாளரே என்பர். 1977இற் பெல்லும் அவ்வாறே கூறி அம்முடிவை ஏற்றுக்கொண்டார். அப்பெருந்தன்மை அவருடையது, அதனையே முறைமைக்கு நியாயமாக்குதல் தகாது. அத்தொலைகாட்டி குவாசர்களை ஆராயவே திட்டமிடப்பட்டது. பல்சர் எவருடைய திட்டத்திலும் இருக்கவில்லை. திட்டத்தில் இல்லாத ஒன்றைக் கண்டதற்குத் திட்டமிட்டவரை மட்டும் முடிசூட்டுவது எந்த நீதி? பெண் என்பதனாலேயே புறக்கணிக்கப்பட்டார் என்பாருமுளர். ஆனால் ஆண் மாணவராயினும் பட்டியலில் இடம் கிடைத்திருக்குமென எவர் உறுதி கூறுவார்?

2018இல் தமக்குக் கிடைத்த 30 இலட்சம் டொலர் பரிசை, பௌதிகவியல் ஆய்வு மாணவரின் புலமைப்பரிசில்களுக்கே பெல் வழங்கிவிட்டார்.