பேசும் கணினியும் பேசாக் கடிதமும்

ஒரு காலத்திற் காரியாலயங்களின் குரலாக விளங்கியது தட்டச்சுப் பொறி. அத்தகைய பொறி முதலில் எவருக்காகச் செய்யப்பட்டது என்பதை நம்மிற் பலர் அறியோம். இத்தாலி நாட்டிலே, 1808ஆம் ஆண்டளவில், பெல்லெக்ரினோ தூரி என்பவர் ஒரு பொறியை அமைத்தார். பார்வை இழந்த தம் தோழி கரோலினா பந்தோனி சீமாட்டி பிறர் துணையின்றித் தாமே கடிதம் எழுதுதல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். முதன்முதல் இயங்கிய தட்டச்சுப் பொறிகளுள் அதுவும் ஒன்றாகும்.

இன்று அவ்விடத்திற் கணினி இருக்கின்றது. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் செயலிகள் பல உள. ஆனால் அவற்றின் விலை எளியோர்க்கு எட்டாததாயிருந்தது. இக்குறையைக் கண்ட அவுஸ்திரேலியரான மைக்கல் கரன், 2006ஆம் ஆண்டில் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் செயலியை உருவாக்கத் தொடங்கினார். அவரும், பின்னர் அவரோடு இணைந்த ஜேம்ஸ் தே என்பவரும் விழிப்புலனற்றவர்களே. அதனை எவரும் இலவசமாகப் பெறலாம். அது தமிழையும் வாசிக்கும். விசைப்பலகை ஒன்றைக் கொண்டே அதனை முற்றாக இயக்கலாம். புள்ளிகள் மேலெழுந்து தாழும் பிரெயில் பலகையை இணைத்தால், விரலாலும் படிக்கலாம்.

கருவி கிடைத்துவிட்டது, தடை நீங்கியதா? இல்லை என்றே சொல்லவேண்டும். மேலதிகாரி ஒருவர் கடிதத்தைப் படம்பிடித்து அனுப்புகின்றார். நமக்கு அது கடிதம். செயலிக்கோ வெறும் படம். படத்திலுள்ள எழுத்தை உணரும் வசதி உண்டெனினும், மங்கிய பிரதியிற் பிழைகள் மலியும். பெயரிடாத பொத்தானை அடைந்தால், “பொத்தான்” என்று மட்டும் சொல்லிச் செயலி நின்றுவிடும். அது சேமிப்பதற்கா, அழிப்பதற்கா? அவர் தயங்குகின்றார். “வேலையில் மந்தம்” என்று பெயர் சூட்டுகின்றோம்! குறை அவர் கண்ணிலா, நம் கவனத்திலா?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 2006ஆம் ஆண்டில் நிறைவேறியது. இலங்கை அதனை 2016ஆம் ஆண்டில் ஏற்று உறுதிசெய்தது. வேலைத்தலத்தில் இவர்களுக்கு நியாயமான வசதி செய்து கொடுத்தல் வேண்டும் என்பது அதன் 27ஆம் உறுப்புரை. அது சலுகையன்று, உரிமை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கடிதத்தைப் படமாக அனுப்பாது, தட்டெழுதிய மூலத்தையே அனுப்புவோம். படங்களுக்கு ஒரு வரி விளக்கம் எழுதுவோம். பார்வையற்ற பிள்ளைகளைப் பெற்ற அன்னையரே, விசைப்பலகையை இளமையிலேயே அவர்தம் விரல்களுக்குப் பழக்குங்கள். நாளை அவர்கள் உழைத்து உண்பதற்கு அது வழியாகும்.