பழுதைக் கண்டறியவும் ஒரு விலை உண்டு

அண்மையில் ஒரு பிற்பகலில், நான் எழுதிக்கொண்டிருந்தபோதே வீட்டுக் கணினி எவ்வித முன்னறிவிப்புமின்றி நின்றுபோனது. நீலத் திரையில் ஆங்கிலத்தில் சில வரிகள் தோன்றின. பிறகு தானாகவே மறுதொடக்கம். சில நிமிடங்களில் மீண்டும் நீலத் திரை. கைத்தறி நெசவாளர் குடும்பங்களின் வரவு-செலவு குறித்து, பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று நான் திரட்டிய தரவுகள் அந்தக் கணினியில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. இடர்ப்பாடுகளைப் பற்றி வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் பேசியவன், தன் வீட்டில் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்பதை அன்றிரவு உறக்கமின்றி உணர்ந்தேன்.

மறுநாள் கணினியைப் பழுதுநீக்கும் கடைக்குக் கொண்டுசென்றேன். பத்து நிமிடம் பார்த்த கடைக்காரர், "மதர்போர்டு போயிடுச்சு சார். பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்காது. புதுசு வாங்கிடுங்க" என்றார். பார்த்ததற்குக் கட்டணம் எதுவும் அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

கணினிப் பராமரிப்புப் பணியில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தார். "ஐயா, திரையில் என்ன வந்தது? அண்மையில் புதிதாக எதையாவது இணைத்தீர்களா, நிறுவினீர்களா? எந்த வேலையின்போது நிற்கிறது?" என்ற மூன்று கேள்விகளுக்குப் பிறகே கணினியைத் தொட்டார். நல்லவேளையாக, திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற பிழைக்குறிப்பு இருந்தது. இது நினைவகக் கோளாறைச் சுட்டலாம். மென்பொருள் கோளாறாகவும் இருக்கலாம் என்றார்.

முதல் வேலையாக வன்தட்டைக் கழற்றித் தன் மடிக்கணினியில் இணைத்து, என் கோப்புகளைப் பிரதியெடுத்தார். பழுதுநீக்கும் முயற்சியிலேயே தரவுகள் அழிந்துவிடக் கூடாது அல்லவா? பின்னர் அதை மீண்டும் பொருத்தி, அச்சுப்பொறி போன்ற துணைக்கருவிகளை விலக்கி, மிகக் குறைந்த மென்பொருள்களுடன் மட்டும் இயங்கும் 'சேஃப் மோட்' முறையில் கணினியைத் தொடங்கினார். அங்கும் அது நின்றது. ஆகவே சந்தேகம் வன்பொருளின் பக்கம் திரும்பியது. மின் இணைப்பைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து தூசு நீக்கி, இரண்டு ரேம் அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்தி, நினைவகப் பரிசோதனையை ஓடவிட்டார். ஓர் அட்டை தேறியது. மற்றொன்றில் பிழைகள் வந்தன. பழுதான அட்டையைக் கழற்றியதும் கணினி இயங்கத் தொடங்கியது. சற்று மெதுவாக இயங்குகிறது. ஆனால், அதன் பிறகு நிற்கவேயில்லை. மருந்துக்கு முன் நோயின் காரணத்தைத் தேடச் சொன்ன வள்ளுவரின் வரிசைமுறைதான் இது.

கடைக்காரர் என்னை ஏமாற்றினாரா? நான் அப்படிக் கருதவில்லை. ஒருவேளை அவரும் அவ்வாறே நம்பியிருக்கலாம். மாணவர் செலவிட்டது ஓர் அரை நாள். கடைக்காரர் அரை நாளைச் செலவிட்டு, 'ஓர் அட்டையைக் கழற்றிவிட்டேன்' என்று சொல்லியிருந்தால் அதற்கு நான் எவ்வளவு கொடுத்திருப்பேன்? மருத்துவருக்கு ஆலோசனைக் கட்டணம் தரத் தயங்காத நாம், பழுதுநீக்குபவருக்குப் பொருளை மாற்றினால் மட்டுமே பணம் தருகிறோம். கண்டறிதலுக்கு விலையில்லாத சந்தையில், மாற்றுவதும் விற்பதும் மட்டுமே தொழிலாகிவிடுகின்றன.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு சீர்கெடும் என்பதை, பழைய கார்களின் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கணினிப் பழுது இன்னும் சிக்கலானது. பழுது நீங்கிய பிறகும், மாற்றப்பட்ட பாகம் உண்மையில் தேவைப்பட்டதா என்பது வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை.

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தவறான மென்பொருள் புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயண அட்டைகள் வழங்கப்பட்டன. அந்தக் கணினிகளின் வன்பொருளில் குறையேதும் இல்லை. 'சேஃப் மோட்' முறையில் நுழைந்து, குறிப்பிட்ட ஒரு கோப்பை நீக்குவதே தீர்வாக இருந்தது. காரணம் தெரியாதவருக்கு அவை இறந்துபோன இயந்திரங்களாகவே தோன்றியிருக்கும்.

இப்போது இதைப் பேச வேண்டிய தேவை கூடியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு உள்ளிட்ட தகுதிகள் இல்லாத பழைய கணினிகளால் முறைப்படி விண்டோஸ் 11-க்கு மாற இயலாது. ஆதரவு முடிவதால் கணினி நின்றுவிடுவதில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள்தான் நிற்கின்றன. ஆயினும், இனி எந்தப் பழுதுக்கும் 'பழைய கணினி' என்ற ஒரே காரணம் சொல்லப்படும். 2022-இல் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய பழுதுநீக்கச் சட்டநெறியில் நாம் கவனிக்கத்தக்க கூறு ஒன்று உள்ளது. பழுதின் தன்மை, விலை, கால அளவு ஆகியவற்றைக் குறிக்கும் பொதுவான தகவல் படிவத்தைப் பழுதுநீக்குபவர் வழங்கலாம். வழங்கினால், அதிலுள்ள நிபந்தனைகள் 30 நாள்களுக்கு அவரைக் கட்டுப்படுத்தும். பழுதைக் கண்டறிவதற்கான செலவை வாடிக்கையாளரிடம் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. பிரான்ஸில் 2021 முதல் மடிக்கணினி முதலியவற்றுக்குப் பத்துக்கு எத்தனை என்ற பழுதுநீக்கக் குறியீடு விற்பனையின்போதே காட்டப்படுகிறது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. கைப்பேசி, மின்னணுப் பொருள்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வகுப்பது குறித்து ஆராய்ந்த குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. இவை வரவேற்கத்தக்கவை. இவற்றுடன், என்ன பரிசோதிக்கப்பட்டது, எது பழுது, எந்த அடிப்படையில் அந்த முடிவு என்பதைக் கடைக்காரர் எழுத்தில் தரும் வழக்கமும், அதற்கு நியாயமான தனிக் கட்டணமும் வர வேண்டும். எழுத்தில் இருப்பதை இன்னொரு கடையில் சரிபார்க்கலாம். வாய்மொழியை அவ்வாறு சரிபார்க்க இயலாது.

நமக்கும் கடமைகள் உண்டு. பிழைத்திரையைப் படம் எடுத்து வைப்பதும், முக்கியமான கோப்புகளுக்கு வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாகப் பிரதிகள் வைத்திருப்பதும் செலவு குறைந்த காப்பீடுகள். கண்டறிந்ததற்குப் பணம் கேட்பவரை ஐயத்துடன் பார்க்கும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும்.

என் மாணவர் பணம் வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் அந்தக் கடைக்குச் சென்று, பழுதான ரேம் அட்டையைக் காட்டினேன். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் பார்க்க எங்களுக்குக் கட்டுபடி ஆகாது சார்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அது அவருக்குக் கட்டுபடியாகும்படி செய்வதில்தான் நுகர்வோரின் நலனும் அடங்கியிருக்கிறது.