இரண்டு கிண்ணங்கள், ஒரே கடை

அரியமங்கலத்தில் நாள் முழுதும் சுமை தூக்கிக் களைத்த ஒருவன் மதுக்கடை வாசலில் தள்ளாடி நின்றால், அவனைக் ‘குடிகாரன்’ என்கிறோம். அதே மாலையில், கிறிஸ்து பிறப்பு விழாவைக் காரணம் காட்டி, படித்தவர் வீட்டு வரவேற்பறையில் ரம்மோடு நுரைக்கும் திராட்சை மதுவைக் கலந்து, எலுமிச்சையும் புதினாவும் சேர்த்து நீட்டினால், அதை ‘நாகரிகம்’ என்கிறோம். இது என்ன நீதி?

கணக்குப் பாருங்கள். நம் நாட்டு ரம்மில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். நுரைமதுவில் ஏறக்குறைய 12 விழுக்காடு. இரண்டிலும் 60 மில்லி கலந்தால், கிண்ணத்தில் ஏறத்தாழ 33 மில்லி ஆல்கஹால் நிற்கிறது. 5 விழுக்காடு கொண்ட 650 மில்லி பீர் பாட்டில் முழுவதிலும் இருப்பது அவ்வளவே! இனிப்பும் நுரையும் அதை நாவுக்கு மறைக்கலாம். ஈரலுக்கு மறைக்க இயலாது.

“வீட்டுக்குள்தானே?” என்பர். வீட்டுக்குள்தான் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கானாவூரைச் சான்றுக்கு அழைப்போரும் உண்டு. ஆண்டவர் அங்கே காத்தது மணவீட்டாரின் மானத்தை. நாமோ நம் பகட்டைக் காக்க அவரை அழைக்கிறோம்.

1937இல் சேலத்தில் மதுவிலக்கு கண்ட மண் இது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசே நடத்துகிறது. அதைக் கண்டித்து மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், நம் கிண்ணத்து ரம்மும் அந்தத் தொழிலாளி நின்ற கடையிலிருந்து வந்ததுதானே?

அவனிடம் ‘குடியை விடு’ என்று சொல்லும் தகுதி வேண்டுமா? முதலில் நம் கிண்ணத்தைக் கவிழ்ப்போம்.