வெள்ளிக் கட்டி யாருக்குக் காவல்?



"பாங்கில காசு கிடந்து என்ன பிரயோசனம்? வெள்ளி வேண்டி வீட்டில வையுங்கோ." குடும்ப வாட்ஸப்புகளில் இந்தப் பேச்சு கூடிக்கொண்டே போகிறது. 2025 ஒக்டோபரில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டொலரைத் தாண்டிய பிறகு சொல்லத் தேவையில்லை. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சம்பளத்தை விழுங்கும்போது சனம் பயப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாக விற்கப்படும் வெள்ளி, கையில் குறைவாக இருப்பவருக்கே கூடிய விலைக்கு விற்கப்படுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் அளவு. 1 அவுன்ஸ் (31.1 கிராம்) நாணயத்தில் இருந்து 100 கிராம், 10 அவுன்ஸ், 1 கிலோ, 100 அவுன்ஸ் கட்டி வரை கிடைக்கிறது. சின்னத் துண்டுக்கும் வார்க்கிற கூலி, பொதி, தபால் எல்லாம் உண்டு. அதனால் ஒரு கிராமுக்கு நீங்கள் கொடுப்பது கிலோக் கட்டி வாங்குபவரைவிடக் கூட. கிலோக் கட்டி கிராமுக்கு மலிவுதான். ஆனால் அவசரத்துக்கு 200 பவுண்ஸ் தேவைப்பட்டால் அதில ஒரு மூலையை வெட்டி விற்க ஏலாது.

இதற்கு மேல் வரி. பிரித்தானியாவில் முதலீட்டுத் தங்கத்துக்கு வற் இல்லை, வெள்ளிக்கு 20 வீதம். ஒரு உதாரணம்: 100 பவுண்ஸ் பெறுமதியான வெள்ளிக்குக் கடைக்காரர் 10 பவுண்ஸ் மேலதிகம் வைத்தால், வற்றோடு 132 பவுண்ஸ் கட்டுகிறீர்கள். அடுத்த நாள் விற்கப் போனால் 100 கூடக் கைக்கு வராது. கனடாவில் 99.9 வீதத் தூய கட்டிக்கு விற்பனை வரி இல்லை. அங்கே இருக்கிற சொந்தக்காரர் சொல்லும் கணக்கு இங்கே பொருந்தாது. "பிரிட்டானியா நாணயத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை" என்பதும் உண்மை. ஆனால் வருசத்துக்கு 3,000 பவுண்ஸ் வரையான ஆதாயத்துக்கு எப்படியும் அந்த வரி இல்லை. எங்களில் எத்தனை பேருக்கு அந்தச் சலுகை உதவப் போகிறது?

விலை ஏறும்தானே என்று கேட்பீர்கள். 2011 ஏப்ரலில் வெள்ளி 50 டொலரை நெருங்கியது. 2015 கடைசியில் 14 டொலருக்குக் கீழே நின்றது. பதினாலு வருசம் காத்திருக்க முடிந்தவர் தப்பினார். 2015 இல் வேலை போய், வாடகைக்காக விற்க வேண்டி வந்தவர் என்ன செய்திருப்பார்? காத்திருக்கிறதுக்கும் காசு வேணும்.

அடுத்தது வீடு. ஒரே பெறுமதிக்கு வெள்ளி தங்கத்தைவிடப் பல பத்து மடங்கு பாரம், இடமும் கூடப் பிடிக்கும். நல்ல பெட்டகம் என்றால் நிலத்தோடோ சுவரோடோ போல்ட் போட வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். சாதாரண வீட்டுக் காப்புறுதிகள் பலவற்றில் இப்படியான கட்டிகள் அடங்காது, அல்லது முன்கூட்டியே அறிவித்து மேலதிகமாகக் கட்ட வேண்டும். தெற்காசிய வீடுகளில் நகை இருக்கும் என்று தெரிந்து கள்ளர் வருவதைப் பொலிஸ் பல தடவை எச்சரித்திருக்கிறது. அந்த நேரம் வீட்டில் இருப்பது யார்? பகலில் தனியே இருக்கிற அம்மம்மா, இரவு வேலை முடிந்து வந்து தூங்குகிற மனிசி. கழுத்தில் கிடக்கும் சங்கிலியாவது அவளுடைய கையில் இருக்கிறது. நகையை உருக்கிக் கட்டியாக்கி, அவருக்கு மட்டுமே இலக்கம் தெரிந்த பெட்டகத்தில் வைத்தால் அது யாருடைய சேமிப்பு?

"ஊரில எங்களை நகைதானே காப்பாத்தினது" என்பார்கள். பல குடும்பங்களை ஏஜென்சிக் காசு கட்டி இங்கே கொண்டுவந்தது நகைதான், மறுக்கவில்லை. ஆனால் 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம் மக்களை யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றியபோது நகையையும் காசையும் பறித்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். வன்னியில் தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்த நகைகளுக்கு என்ன நடந்தது? போருக்குப் பிறகு இராணுவம் எடுத்து வைத்திருந்ததில் ஒரு தொகுதி பொலிசாரிடம் போனதே 2025 மே மாதத்தில்தான். உலோகம் துருப்பிடிக்காமல் இருக்கலாம். அது உன்னுடையது என்று ஒத்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அதனால் பிரயோசனம் இல்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். மூன்று மாதச் செலவுக்கான காசு முதலில் வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ இருக்கட்டும்; 2025 டிசம்பரில் இருந்து 120,000 பவுண்ஸ் வரை அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதற்கு மேல் மிஞ்சி, ஆசையும் இருந்தால் விற்கக்கூடிய சின்ன அளவில் வாங்குங்கள். பற்றுச்சீட்டின் பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். காப்புறுதிக்காரருக்குச் சொல்லுங்கள், வாட்ஸப்பில் படம் போடாதீர்கள். வீட்டில் இரண்டு பேருக்காவது விசயம் தெரிய வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

கடன் எடுத்து வெள்ளி வாங்க யோசிக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், இந்த 132 பவுண்ஸ் கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். சம்பளம் காணாது என்பதுதான் அவருடைய பிரச்சினை என்றால், அதைக் கதைக்க வேண்டிய இடம் தொழிற்சங்கம். அங்கேயும் கூட்டிக்கொண்டு போங்கள்.