கடலுக்குள் ஒரு மைக்

மதுரை மீன் கடைகளுக்கு ராமேசுவரம் பக்கத்து மீனும் வருகிறது. அதில் எவ்வளவோ மீன், குஞ்சாக இருந்தபோது ஒளிந்து வளர்ந்த வீடு, மன்னார் வளைகுடாப் பவளப் பாறைதான்.

கடலுக்கடியில் அமைதி என்று நினைக்கிறோம். இல்லை, ஒரே கூச்சல்! அங்கே சொடுக்கு இறால் என்று ஒன்று உண்டு. விரல் நீளம்தான். பெரிய கொடுக்கைப் பட்டென்று மூடும். அந்த வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி தோன்றி உடையும். அதுதான் சத்தம். ஆயிரக்கணக்கான இறால்கள் சேர்ந்தால், எண்ணெயில் கடுகு வெடிப்பது போலிருக்கும். இரண்டாவது உலகப் போரில், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடியவர்களையே இந்தச் சத்தம் திணற அடித்தது! மீன்களும் சும்மா இல்லை. உறுமும், பல்லைக் கடிக்கும்.

இதைக் கேட்க, தண்ணீர் புகாத மைக் இருக்கிறது. "ஹைட்ரோபோன்" என்பார்கள். முக்குளிப்பவர் சிறிது நேரத்தில் மேலே வந்துவிடுவார். மைக் இரவும் பகலும் கேட்கும். செழித்த பாறை இரையும். நலிந்த பாறையில் ஓசை குறையும். ஆஸ்திரேலியாவில், நலிந்த பாறையருகே ஒலிபெருக்கி வைத்து, நல்ல பாறையின் சத்தத்தைப் போட்டார்கள். மீன்கள் இரண்டு மடங்கு வந்தன! 2019-ல் வெளிவந்த செய்தி இது.

நம் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி அள்ளினோம். இரண்டு தீவுகள் மூழ்கியே போயின. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. அடுத்த சூடு வருமுன், தீவுதோறும் மைக் வைத்து ஆண்டு முழுதும் கேட்க சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த வேலைக்கு மண்டபம், கீழக்கரை மீனவ இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து வைக்கலாம். எந்தப் பாறை எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும்.